துவைக்காத துணி ஒன்று கொண்டு வரவும்

பிராணிக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க எதையாவது கொஞ்சிக்கொண்டு இருப்பேன் என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள்; நான் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

துணிக்கடையில் மடித்ததையே மறுபடி மடிக்கிறவர்கள், செருப்புக் கடையில் அடுத்தவர் காலைப் பிடித்து மாட்டிவிடுகிறவர்கள், ஓட்டலில் தண்ணீர் வைக்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது விளக்காமலே புரியும். வாங்க வருகிறவர் பேசுவார், நாம் தலையை ஆட்டுவோம். எனக்குக் கூச்சம் வேறு. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு வார்த்தை வரும். எனக்குக் காது சூடாகும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்கும்போதுதான் வரிசையாக வரும். அப்போது கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் கடை மயிலாப்பூரில், காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்னால் மீன் தொட்டி, நடுவில் லவ் பேர்ட்ஸ், கடைசியில் முயலும் கினிப்பன்றியும். கினிப்பன்றி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: எலியைவிடப் பெரிசு, முயலைவிடச் சின்னது, வால் கிடையாது, பயம் மட்டும் உடம்பைவிடப் பெரிசு. முதலாளி பாய். அப்பா காலத்திலிருந்து இதே சந்தில்தான் கடை. அவர் வாயில் பன்றி என்ற சொல் வராது, ‘கினி’ என்பார். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். என் பாப்பாவைக் கடைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, புதிதாக வருகிற கினியை மனிதக் கைக்குப் பழக்குவது, இதெல்லாம் என் வேலை.

இங்கே நான் எழுதுவது ஒரே ஒரு கினியைப் பற்றி. பழுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு. சுட்டி என்று கூப்பிட்டேன். விற்கிற உயிருக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது பாயின் சட்டம். அதனால் மனசுக்குள்ளேயே கூப்பிட்டேன்.

சுவிட்ச் எங்கே?

கினி பயந்தால் ஓடாது, கடிக்காது. கல் மாதிரி நின்றுவிடும். மூச்சு இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வரும். சுட்டி கடைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தி.நகரில் துணி எடுத்த பைகளோடு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் சும்மாதான் நின்றார்கள், பாவம். அந்த அப்பாதான் வண்டிச் சாவியால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினார். சுட்டி மூலையில் உறைந்து நின்றது. மறுபடி தட்டினார்.

“அண்ணா, தட்டாதீங்க, பயப்படுது” என்று சொன்னேன். அதாவது, சொன்னதாக நினைத்துக்கொண்டேன். என் குரல் லவ் பேர்ட்ஸ் சத்தத்தைத் தாண்டவில்லை. அவர் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவு குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பதற்காக உரக்கக் கேட்டார்:

“பொம்மையாம்மா இது? சுவிட்ச் எங்க இருக்கு, ஆன் பண்ணிக் காட்டு!”

கொஞ்சம் சிரிக்க வைங்க

காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, தோழியோடு வந்தாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கினி வாங்கப் போகிறேன், முதலில் கையில் வைத்துப் பார்க்கலாமா என்றாள். சுட்டியைத் துண்டோடு எடுத்துக் கொடுத்தேன். உடனே தோழி போனை நீட்டினாள். பாட்டு ஓடியது. கினி தலையில் பூ வைத்தார்கள், பொம்மைக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். பாட்டு நின்றால் முதலிலிருந்து ஆரம்பம். சுட்டியின் நெஞ்சு துண்டுக்கு வெளியே தெரியும் அளவுக்கு அடித்துக்கொண்டது.

கடைசியில் பொறுக்க முடியாமல் கையை நீட்டி வாங்கிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை, வாங்கிக் கூண்டில் விட்டேன். எனக்கு அது பெரிய சண்டை. அவளுக்கு அது சண்டை என்றே தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“மூஞ்சி உம்முனு இருக்குக்கா. அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் சிரிக்கப் பழக்கி வைங்க.”

நன்றாகத் துவைத்த துணி

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கினி வேண்டும் என்று சொல்லி வைத்தால் அன்றே கொடுக்க மாட்டோம். வீட்டில் யாரோடு பழக வேண்டுமோ அவர் போட்டுக் கழற்றிய துணி ஒன்றைக் கேட்டு வாங்குவோம். சில நாள் கினி அதன்மேல் படுக்கும். அந்த வாசனை பழகிய பிறகு, துணியோடு சேர்த்துக் கினியைக் கொடுப்போம். புது வீட்டில் அதற்குத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான். அம்மாக்களுக்கு இது அதிசயமில்லை. என் பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நான் குளிக்கப் போனால் என் பழைய நைட்டியைச் சுற்றித்தான் தூளியில் போடுவேன். துவைத்த நைட்டியைச் சுற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாள். பாய் இதற்காகவே அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்: ‘துவைக்காத துணி ஒன்று கொண்டு வரவும்.’

சுட்டியை முதலில் கேட்டது மாட வீதிப் பக்கத்து மாமி ஒருவர். பள்ளிக்கூடம் போகிற பையனுக்காக. மறுநாளே துணி வந்தது. பிரித்தால் பையனுடைய சட்டை, வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. நான் அட்டையைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், மாமியைப் பார்த்தேன். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு மாமியே சமாதானம் சொன்னார். கோபப்படக்கூட முடியாதபடி அவ்வளவு பிரியமாக:

“போர்டைப் பார்த்தேன்டிம்மா. அதுக்காக அழுக்கை நாலு பேர் பாக்கற எடத்துக்கு எடுத்துண்டு வர முடியுமா? தோய்ச்சு இஸ்திரி போட்டிருக்கேன், கவலைப்படாதே!”

பீரோவுக்கு அடியில்

சோப்பு வாசனையில் படுத்த கினி, ஆள் வாசனை தெரியாமல் அந்த வீட்டுக்குப் போனது. போன அன்றே பக்கத்து வீட்டுக்காரர்கள், அத்தை, சித்தப்பா என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். கை தவறியதும் பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. கூப்பிட்டால் வரவில்லையாம். யாரென்றே தெரியாதவர் கூப்பிட்டால் நீங்கள் போவீர்களா? அப்புறம் ஒட்டடைக் குச்சியை விட்டுக் குத்தி வெளியே எடுத்திருக்கிறார்கள். சுட்டியை ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வந்த அந்த வீட்டு மாமா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ பந்து உருண்டுபோன கதை மாதிரி.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். சுட்டி மெலிந்திருந்தது. முதுகு முடி ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. என் காது சூடானது. மாமாவுக்குச் சுட்டிமேல் வருத்தம்:

“எங்காத்துல எல்லாரும் கலகலன்னு பழகறவா. இதுக்கு மட்டும் அப்படி என்னம்மா கர்வம்?”

ஆஸ்பத்திரியா இது?

கினியின் வயிறு ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தின்னாமல் ஒரு நாள் கிடந்தாலே ஆபத்து. திரும்பி வந்த சுட்டி எதையும் தொடவில்லை. கேரட் வைத்தேன், அருகம்புல் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையை நீட்டினால் பல்லை நறநறவென்று கடித்தது. எனக்கு அது புரிந்தது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

துப்பட்டாவை நெஞ்சுக்குக் குறுக்கே தூளி மாதிரிக் கட்டி, அதற்குள் விட்டுக்கொண்டேன். பேச்சுக் கொடுக்கவில்லை, தடவவில்லை. அதை உள்ளே வைத்துக்கொண்டே தொட்டி கழுவினேன், கூண்டு பெருக்கினேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கொத்தமல்லிக் காம்பை மட்டும் செருகி வைத்தேன். மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், தூளிக்குள்ளிருந்து நறுக் என்று ஒரு சத்தம். இன்னொரு நறுக். குனிந்தால் பயந்துவிடுமோ என்று அப்படியே விளக்குமாற்றோடு நின்றேன். காம்பு முழுக்க உள்ளே போனது.

பாய் கெட்டவர் இல்லை. ஆனால் கடை வைத்திருக்கிறவர். மொத்த வியாபாரியின் வண்டி வரும்போது, விற்காததைத் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே ஒரு கூண்டில் எத்தனை அடைப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். பயந்த கினி தீனித் தட்டுப் பக்கமே போக முடியாது. சுட்டி அங்கே போனால் பிழைக்காது, எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்றால், வாடகைக்கு விட்டபோதே வீட்டுக்காரம்மா குருவிகூடக் கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தாள். பாய் என் தூளியைப் பார்த்தார், சுட்டியைப் பார்த்தார்:

“இன்னொரு வாட்டி வித்துப் பாக்குறேன்மா. அதுவும் திரும்பி வந்துச்சுன்னா வண்டில ஏத்திடுவேன். நான் இன்னா ஆஸ்பத்திரியா நடத்திக்கினு கீறேன்?”

முன்னால் உட்காருங்க

இது கடையில் நடந்ததில்லை, ஷேர் ஆட்டோவில். சாயங்காலம் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆதம்பாக்கத்தில் வீட்டுக்குத் திரும்பும்போது என் துப்பட்டாவில் புல்லும் கினி வாசனையும் இருக்கும். நான் என்ன செய்வது, கடையில் குளித்துவிட்டா கிளம்ப முடியும்? பக்கத்தில் ஆபீஸ் முடிந்து வருகிற ஓர் அம்மா. நான் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்தார். நான் பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரமாக ஒட்டினேன். அவள் அங்கன்வாடியிலிருந்து நேராக வந்தவள், என் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கிவிட்டாள். அவளுக்கு அதே வாசனைதான் தூக்க மருந்து.

அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைத் தாண்டி டிரைவரிடம் சொன்னார்:

“இவங்கள முன்னாடி மாத்தி உக்கார வைங்களேன், என்னமோ மாதிரி நாத்தம் வருது.”

வீட்டிலேயே அழுக்கு

சுட்டியை இரண்டாவதாகக் கேட்டது அடையாறிலிருந்து காரில் வந்த ஒரு மேடம். மகளுக்குப் பிறந்தநாள் பரிசு. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். துணி விஷயத்தை இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று, தொண்டையைச் சரி செய்துகொண்டு, “துவைக்காத துணி மேடம், போட்டுக் கழட்டினது, அழுக்காவே இருக்கட்டும்” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் மூக்கைச் சுருக்கினார், சரி அனுப்புகிறேன் என்றார்.

சாயங்காலமே மேடம் வீட்டு டிரைவர் ஒரு கவரைக் கொண்டுவந்தார். பழைய பூப்போட்ட நைட்டியின் பாதி. வியர்வை, பூண்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு, தேங்காய் எண்ணெய், எல்லாம் இருந்தது. நல்ல ஆள் வாசனை. சுட்டி அதை முதலில் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் அதற்குள் புகுந்துகொண்டது. அடுத்த நாள் அதன்மேலேயே உட்கார்ந்து கேரட் தின்றது. ஒருநாள் காரணமே இல்லாமல் துள்ளிக் குதித்தது. கினிக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் குதிக்கும். அடையாறில் காரில் போகிறவர் நைட்டி என் நைட்டி மாதிரியே மணக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எல்லா வீட்டிலும் அடுப்படி ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். டிரைவர் கவரை நீட்டும்போது சொன்னதையும் நான் காதில் சரியாக வாங்கவில்லை:

“வூட்ல கீறதுலயே அழுக்கு இதான்னு மேடம் தேடிப் புடிச்சுக் குடுத்தாங்க.”

யாருக்காக வாங்கினோம்?

சுட்டி அடையாறு போனது. ஒரு வாரம் சத்தமில்லை. நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கடைக்குப் போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார். மகள் கூப்பிட்டால் கினி வருவதில்லையாம். மேடம் போனால் ஒளிந்துகொள்கிறதாம். ஆனால் காலையில் வேலைக்கு வருகிற அஞ்சலை கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கூண்டே அதிர்கிற மாதிரி வீக் வீக்கென்று கத்துகிறதாம். அவள் தரை துடைக்க உட்கார்ந்தால் மடியில் ஏறப் பார்க்கிறதாம்.

அப்போதுதான் அந்த நைட்டி யாருடையது என்று எனக்கு உறைத்தது. பாய்க்கும் உறைத்தது, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுக்கு வேண்டும் என்றதும் அந்த வீட்டில் யாருக்கும் தங்கள் துணி ஞாபகம் வரவில்லை. வேலைக்கார அம்மா வேலை செய்யும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற துணிக்குத்தான் நேராகக் கை போயிருக்கிறது. மேடம் போனில் கொதித்தார்:

“நாங்க காசு குடுத்து வாங்கினது எங்க பொண்ணுக்கா, எங்க வேலைக்காரிக்கா?”

கூண்டு எங்களுடையது

மேடம் நேரிலேயே வந்துவிட்டார். கூண்டை டிரைவர் தூக்கிவந்தார். பின்னால், சுட்டி இருக்கிற அட்டைப் பெட்டியோடு அஞ்சலை. நாற்பது வயசு இருக்கும், ஒல்லியாக, புடவையை இழுத்துச் செருகியபடி. வேறு கினி வேண்டும், இது வேண்டாம் என்றார் மேடம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை ஓரத்தில் முட்டைக்கோஸ் சருகை ஒதுக்கி உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் கையை விட்டாள். சுட்டி அவள் விரலைப் பிடித்து ஏறி, மடியில் உட்கார்ந்து, அவள் முந்தானையை மோந்தது. அன்று பார்த்து மொத்த வியாபாரியின் வண்டி வாசலில் நின்றது. பாய் வியாபாரக் குரலில், “மாத்திக் குடுத்துடலாம் மேடம். தேவி, இத்த எடுத்து வண்டிக்காரன் பொட்டில போடு” என்றார்.

நான் எடுக்கவில்லை. “துணிய நீங்கதானே குடுத்தனுப்பினீங்க!” என்று யாரோ கத்தினார்கள். நான்தான். “உங்க பாப்பா துணி ஒண்ணு குடுத்திருந்தா உங்க பாப்பாகிட்ட வந்திருக்கும். இவங்க துணிதான் அழுக்குன்னு தேடி எடுத்தீங்க. இவங்க துணில தூங்குச்சு, இவங்ககிட்டப் போச்சு. அது என்ன தப்பு பண்ணுச்சு? ஒரு வூட்ல ஒட்டடக் குச்சியால குத்துறாங்க, நீங்க வேணாங்கிறீங்க. அந்த வண்டில போனா செத்துடும். நான் போட மாட்டேன். வேணும்னா நீங்களே உங்க கையால போட்டுட்டுப் போங்க!” லவ் பேர்ட்ஸ் எல்லாம் அடங்கிவிட்டன. என் சத்தத்தில் முதலில் பயந்தது சுட்டிதான், அஞ்சலையின் முந்தானைக்குள் பாய்ந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பாய் மீன் தீனி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, “வாய் கீதாம்மா உனுக்கு?” என்றார்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ அம்மா மாதிரியே என்னைத் தாண்டிப் பாயைப் பார்த்தார். அப்புறம் மீன் தொட்டியைப் பார்த்தார். மீன் பயப்படாதில்லையா என்று கேட்டு, மகளுக்கு இரண்டு தங்கமீன் எடுக்கச் சொன்னார். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பாய் கையாட்டிப் போகச் சொல்லிவிட்டார். மேடம் கிளம்பும்போது பெரிய மனசு பண்ணுகிற குரலில் அஞ்சலையிடம் சொன்னார்:

“சரி, அதை நீயே வெச்சுக்கோ அஞ்சலை. ஆனா கூண்டு எங்களது, அதைக் கார்ல ஏத்திடு.”

ஒளிய இடம்

கூண்டு காரில் போனது. சுட்டி கட்டைப் பையில், நைட்டித் துணிக்கு மேலே உட்கார்ந்து, அஞ்சலையோடு பெரும்பாக்கம் பஸ் ஏறியது. எனக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம், புது வீடு, புது ஆட்கள். மறுபடி எங்காவது மூலையில் ஒளிந்து, தின்னாமல் கிடந்தால்? அஞ்சலை நம்பர்கூட வாங்கி வைக்கத் தோன்றவில்லை. கத்தத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடை வாசலில் அஞ்சலை நின்றாள். கொத்தமல்லி வாங்க மார்க்கெட்டுக்கு வந்தாளாம். முகம் சிரித்தபடி இருந்தது. தின்கிறதா என்று கேட்டேன். அவள் பிள்ளைகள் தட்டில் போட்டதையெல்லாம் பங்கு கேட்கிறதாம். ஒளிந்துகொள்ளவில்லையா என்று கேட்டேன். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்:

“மொத நாளு எடம் தேடிக்கினு சுத்தி சுத்தி ஓடிச்சு கண்ணு. ஒரே ரூமு, அஞ்சு பேரு. அந்த வூட்ல ஒளியறதுக்கு ஒரு எடம் இருந்தா, மொதல்ல நான்தானே போய் ஒளிஞ்சிருப்பேன்?”

எனக்குத் தெரிந்து எவ்வளவு பயந்த கினியையும் பொறுமையாக இருந்தால் பழக்கிவிடலாம். காசு கொடுத்து வாங்க வருகிறவர்களைப் பழக்குகிற ஆள்தான் எங்கள் கடையில் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.